பாதுஷாவை ரங்கூனில் விட முடியவில்லை

விடைத்தாளின் ஒரு முனை என் கையில் இருந்தது. மறுமுனை பரீட்சை சாரின் கையில் இருந்தது.

தாளுக்குள் டில்லியின் கடைசி பாதுஷா இருந்தார். சிப்பாய்க் கலகம் அடங்கி, வெள்ளைக்காரர்கள் அவரைப் பிடித்து, பிள்ளைகளைச் சுட்டு, ராஜ்யத்தைப் பறித்து, ரங்கூனுக்குக் கப்பல் ஏற்றியிருந்தார்கள். தள்ளாத வயது. நான் அவரைக் கப்பலிலிருந்து இறக்குவதற்குள் கடைசி மணி அடித்துவிட்டது.

"ஸமயம் கழிஞ்ஞு சேச்சி, விடூ" என்றார் சார். அவர் மலையாளத்துக்காரர். நேரம் முடிந்தது, விடுங்கள் என்கிறார்.

"ஒரே ஒரு வரி சார். ஒரு நல்லதை எழுதிட்டுக் குடுத்தர்றனுங்க."

"எந்து நல்லது?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. ரங்கூனுக்குப் போன பிறகு பாதுஷாவுக்கு ஏதாவது நல்லது நடந்ததா என்று பாடத்தில் போடவில்லை. பேரன் பேத்தி யாராவது போய்ப் பார்த்தார்களா, வேளைக்குச் சோறு கிடைத்ததா, ஒன்றும் இல்லை. யோசித்துக்கொண்டே என் பக்கம் இழுத்தேன். சார் அவர் பக்கம் இழுத்தார். அவர் சாப்பிட்டு வந்தவர். நான் பரீட்சைக்காக விரதம். தாள் அவர் பக்கம் போய்விட்டது.

வெளியே வந்து, முருகா என்று பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்தேன். மூன்று கட்டுரை எழுத வேண்டிய இடத்தில் ஒன்றுதான் எழுதியிருந்தேன். அதுவும் முடியவில்லை. முதல் முறை பரீட்சைக்கு வந்தபோதும் இதே கதைதான். அந்த முறை விஜயநகரம்.

வீட்டுக்காரர் வேலியோரம் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"யாரு செத்தாங்க?" என்றார்.

"இன்னும் சாகலீங்க. அதுதான் பிரச்சனை."

எதற்கு இந்த வேண்டாத வேலை

போன வாரம் இதே பக்கத்தில், மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் நல்லேப்பிள்ளி அங்கன்வாடியில் நான் ஹெல்பராகச் சேர்ந்த கதையைச் சொல்லி, முதல் நாள் உப்புமா அடிப்பிடித்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். அந்த உப்புமா என்னாயிற்று என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டார்கள். கோழிகளுக்குப் போட்டோம். கோழிகள் சாப்பிட்டன. நல்லபடியாகத்தான் முடிந்தது.

அங்கன்வாடியில் இரண்டு பேர். ஒருவர் டீச்சர், ஒருவர் ஹெல்பர். டீச்சர் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுப்பார், எடை பார்ப்பார், கூட்டத்துக்குப் போவார். ஹெல்பர் பெருக்கி, சமைத்து, குழந்தைகளுக்கு மூக்கைத் துடைத்து, டீச்சர் கூட்டத்துக்குப் போன நாட்களில் கதையும் சொல்வார். எங்கள் டீச்சர் அடிக்கடி கூட்டத்துக்குப் போகிறவர். ஆகையால் கதை எனக்குப் பழக்கம்.

அந்த டீச்சர் ஓய்வு பெறும் வருஷம் நெருங்கியது. "நீங்க ப்ளஸ் டூ பாஸ் பண்ணிட்டீங்கன்னா அந்த வேலை உங்களுக்குக் கெடைக்கும் சிவகாமி. இல்லைன்னா வெளியிலிருந்து ஆள் போடுவாங்க" என்று ஆபீசில் சொன்னார்கள். பத்தாவதை ஏற்கெனவே இப்படித்தான், கல்யாணமான பிறகு, தட்டுத் தடுமாறி முடித்திருந்தேன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்கள் எழுதுவதற்கென்றே இங்கே தனியாகப் பரீட்சை உண்டு. துல்யதா என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தூரில் வகுப்பு. எங்கள் பக்கத்துக்காரர்கள் தமிழிலேயே எழுதலாம்.

மற்ற பாடமெல்லாம் முதல் முறையே தேறிவிட்டேன். அரசியல் பாடம் தேறியதைப் பார்த்து வீட்டுக்காரரே பயந்துவிட்டார். வரலாறு மட்டும் நின்றது. எனக்கு வரலாறு தெரியாமல் இல்லை. எழுதிய வரைக்கும் நல்ல மார்க்தான் போட்டிருந்தார்கள். எழுதாததற்குத்தான் போடவில்லை.

ஆடி மாதத்துப் பழக்கம்

இதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் கோயிலைச் சொல்ல வேண்டும்.

ஆடி மாதம் மலையாளத்தில் கர்க்கடகம். மழை விடாது. வயலில் வேலை குறைவு. அந்த மாதம் முழுக்க எங்கள் மாரியம்மன் கோயிலில் சாயங்காலம் புராணம் படிப்பது வழக்கம். படிக்கிறது நான். குரல் நன்றாக இருக்கும் என்பதற்காக அல்ல. மூக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்கத் தெரிந்தவள் அப்போது நான் ஒருத்திதான். அந்தப் பொறுப்பு அப்படியே தங்கிவிட்டது. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறேன்.

புராணம் படிப்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், துக்கத்தில் நிறுத்தக் கூடாது. தகப்பன் செத்த இடத்தில், பிள்ளை காட்டுக்குப் போன இடத்தில், ஊர் எரிந்த இடத்தில் புத்தகத்தை மூடினால் அந்தத் துக்கம் கேட்டவர்களின் வீட்டுக்குக் கூடவே போய்விடும். எவ்வளவு நேரமானாலும் ஒரு நல்லது நடக்கிற வரைக்கும் படித்துவிட்டுத்தான் மூட வேண்டும். ஒரு கல்யாணம், ஒரு குழந்தை பிறந்தது, பிரிந்தவர்கள் சேர்ந்தது. ஒன்றும் இல்லையென்றால் யாராவது யாருக்காவது சோறு போட்ட இடமாவது வர வேண்டும்.

இருபது வருஷமாக இப்படிப் படித்த கை. பரீட்சை ஹாலில் போய்ப் பேனாவைப் பிடித்தால் வேறு எப்படி எழுதும்?

புராணத்தில் ரொம்ப நேரம் காக்க வைக்க மாட்டார்கள். துக்கம் வந்தால் பின்னாலேயே நல்லதும் வந்துவிடும். ப்ளஸ் டூ வரலாற்றுப் புத்தகத்தில் அப்படி இல்லை. ஹரப்பாவில் நன்றாக வடிகால் கட்டுகிறார்கள், மண்ணோடு போகிறார்கள். விஜயநகரத்தில் ரத்தினத்தைத் தெருவில் கொட்டி விற்கிறார்கள், அடுத்த பக்கம் ஊரே இடிகிறது. அமெரிக்காவில் காட்டுக்குள் நிம்மதியாக இருந்தவர்களை மைல் கணக்கில் நடக்க விடுகிறார்கள். தேசப்பிதாவைப் பற்றிய பாடம் எப்படி முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அட்டையிலிருந்து அட்டை வரை தேடினேன். ஒரு பாடமும் நல்லபடியாக முடியவில்லை.

முதல் முறை விஜயநகரம் இடிந்த பிறகு நான் நிறுத்தாமல் எழுதினேன். மிச்சம் பேர் தெற்கே போனார்கள், பெனுகொண்டாவில் இருந்தார்கள், அங்கும் சண்டை வந்தது, அங்கிருந்தும் போனார்கள். நல்லது வரும் வரும் என்று நானும் அவர்கள் பின்னாலேயே போனேன். மணி அடித்தபோது அவர்களும் களைத்துவிட்டார்கள், நானும் களைத்துவிட்டேன்.

ராஜாமணி எழுதிய விஜயநகரம்

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவர் ராஜாமணி. சித்தூர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். பெண் வீட்டார் ப்ளஸ் டூ கேட்டதால் படிக்க வந்தார். அவர் படித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. வந்ததுதான் வந்தோம் என்று உட்கார்ந்துவிட்டார்.

ராஜாமணிக்கு என் நோய் இல்லை. விஜயநகரத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் விவரிக்கச் சொன்னால், "விஜயநகரம் மிகப் பெரிய ஊராக இருந்தது. இப்போது இல்லை" என்று எழுதுவார். எழுதிவிட்டு ஜன்னல் வழியாகத் தன் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்களுக்கு வரலாறு நடத்தியவர் ரம்யா டீச்சர். என் மகளைவிடச் சின்னவள். எங்கள் இரண்டு பேர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ராஜாமணி அண்ணா, நீங்க இன்னும் சித்த எழுதோணும். சிவகாமியக்கா, நீங்க சித்த நிறுத்தோணும்."

"அக்கா எழுதறதுல பாதிய எனக்குக் குடுத்துட்டா கணக்குச் சரியாயிரும் டீச்சர்" என்றார் ராஜாமணி.

"ஏனுங்க அக்கா, நேரம் ஆச்சுன்னா அந்தக் கட்டுரைய அப்படியே உட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருங்க. எத்தன தடவ சொல்றது?"

"எப்படி உடறதுங்க டீச்சர்? பாவம், அந்த மனுசன் கப்பல்ல நிக்கிறாரு."

"அவரு செத்து நூத்தம்பது வருசத்துக்கு மேல ஆச்சுங்க அக்கா!"

"அப்ப நல்லபடியா போய்ச் சேர்ந்தாருங்களா?"

ரம்யா டீச்சர் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருக்காது.

நாங்கள் எந்தப் பக்கம்

வரலாறு என்றவுடன் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. இடையில் சொல்லிவிடுகிறேன்.

சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படை என்று ஒரு விழா உண்டு. முன்னொரு காலத்தில் கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த ராஜாவை, பகவதியே இறங்கி வந்து அடித்து விரட்டினாள் என்று கதை. ஊரே கூடும். வெடி வெடிப்பார்கள். குதிரை வரும். வருஷா வருஷம் கொங்கன் வருவான், வருஷா வருஷம் தோற்பான்.

எங்கள் வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். சொந்தமெல்லாம் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம். கும்பிடுவது பகவதியை. கல்யாணமான புதிதில் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, நாம எந்தப் பக்கமுங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பொரி விக்கிறவன் பக்கம் போலாம் வா. கூட்டம் கம்மியா இருக்குது."

எங்கள் வீட்டில் வரலாற்றைப் பற்றி நடந்த பேச்சு ரொம்ப காலத்துக்கு அவ்வளவுதான்.

தட்டில் அடித்த மணி

இரண்டாம் முறையும் தோற்ற பிறகு, வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். அவர் நெல் விவசாயம். நீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று கடிகாரம் பார்த்துப் பழகியவர். கால்வாய்த் தண்ணீர் முறை முடிந்தால் முடிந்ததுதான், பாதி வயல் காய்ந்தாலும் மடையை அடைத்துவிட வேண்டும். அவருக்கு என் வியாதி விளங்கவே இல்லை.

அங்கன்வாடி விட்டு நான் வந்ததும் அவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். கையில் எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி. நான் கட்டுரை எழுத வேண்டும். நேரம் முடிந்ததும் தட்டில் டங்கென்று அடிப்பார்.

"ஏம்புள்ள, பேனாவ வெய்யி."

"பாதுஷாவ இன்னும் ரங்கூனுக்கு அனுப்பலீங்க."

"நாளைக்கு அனுப்பிக்கலாம். காப்பி வெய்யி."

நான் காப்பி வைத்துக்கொண்டே மனதுக்குள் எழுதிக்கொண்டிருப்பேன். பால் பொங்கி வழியும். ஒரு வாரம் இப்படிப் போனது. பால்தான் நஷ்டம்.

ஒரு நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்தார்.

"கோயில்ல படிக்கீல பெருமழை புடிச்சு, கரண்டு போயி, சனமெல்லாம் எந்திரிச்சு ஓடுச்சே, அன்னிக்கு என்ன பண்ணுன?"

"கடைசிப் பக்கத்தப் பொரட்டி, பட்டாபிஷேகத்துல ஒரு வரி படிச்சு மூடுனனுங்க."

"அப்பறம் அங்க மட்டும் மூடத் தெரியுது?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அப்படி ஒரு வழி உண்டுதான். படித்துக்கொண்டிருக்கும்போது தடங்கல் வந்து, துக்கத்தில் நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், கடைசியில் வரும் பட்டாபிஷேகத்தைத் தேடி ஒரு வரி படித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடிவிடலாம். தோஷம் இல்லை. எனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் புராணத்துக்குப் பட்டாபிஷேகம் இருக்கிறது. சிப்பாய்க் கலகத்துக்கு யார் செய்வார்கள்?

அடுத்த ஞாயிறு ரம்யா டீச்சரிடம் கேட்டேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் கடைசியில் ஒரு நல்ல வரி முன்னாடியே தயார் பண்ணி வைத்துக்கொண்டு, நேரம் ஆனதும் அதை எழுதி மூடிவிட்டால் தப்பா?

அவள் என்னையே பார்த்தாள்.

"அக்கா, அதுக்குப் பேருதான் முடிவுரை. அதுக்குத் தனியா மார்க்கே இருக்குதுங்க. ரெண்டு வருசமா அதத்தானுங்க நான் சொல்லீட்டிருக்கறேன்."

"நீங்க பட்டாபிஷேகம்னு சொல்லலீங்களே டீச்சர்."

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று கண்டுபிடித்தோம். விஜயநகரத்துக்கு நானே சொன்னேன்: ஊர் இடிந்தாலும் விருபாட்சர் கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது. ரம்யா டீச்சர், "இதுக்கு முழு மார்க் போடலாம்" என்றாள். சிப்பாய்க் கலகத்துக்கு அவள் ஒன்று சொன்னாள். பாதுஷா தோற்றாலும் அவர் பெயரைச் சொல்லித்தான் இரண்டு மதத்துச் சிப்பாய்களும் ஒன்றாக நின்றார்கள். அதைக் கேட்டதும் எனக்கு அந்த மனிதர் கப்பலிலிருந்து இறங்கி, ஒரு மர நிழலில் உட்கார்ந்தது போல இருந்தது.

பிரிவினைப் பாடத்துக்கு மட்டும் அமையவில்லை.

"சுதந்திரம் கெடச்சுதுன்னு எழுதுங்க" என்றாள் ரம்யா டீச்சர்.

கிடைத்ததுதான். ஆனால் அந்தப் பாடத்தில் ரயில் வருகிறது. அந்த ரயிலில் வந்தவர்களிடமும், வந்து சேராதவர்களிடமும் போய், "பரவாயில்லை, சுதந்திரம் கிடைத்துவிட்டது" என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒப்புக்கு எழுதினால் அது பட்டாபிஷேகம் ஆகாது.

ஆகையால் பரீட்சையில் பிரிவினை வரக் கூடாது என்று மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன்.

அதே சார்

மூன்றாம் முறை. எங்கள் அங்கன்வாடி டீச்சருக்கு அந்த மாதக் கடைசியில் பிரிவு உபசாரம். இதில் தேறாவிட்டால் வெளியிலிருந்து வரும் புது டீச்சருக்கு நான் உப்புமா கிண்ட வேண்டும். கிண்டலாம், தப்பில்லை. ஆனால் அங்கே இருக்கிற பதினாறு பேரும் அதுவரை என் கதை கேட்டு வளர்ந்தவர்கள்.

திருநீறு இட்டுக்கொண்டு போனேன். விடைத்தாளில் பிள்ளையார் சுழி போடக் கூடாது என்பார்கள். மூடிய பேனாவால், மை படாமல் போட்டேன். பிள்ளையாருக்குத் தெரிந்தால் போதும்.

ஹாலுக்குள் வந்த சாரைப் பார்த்தேன். சாரும் என்னைப் பார்த்தார். அதே சார். அவர் கண் என் கைக்குப் போனது.

இங்கே முதல் கால் மணி நேரம் கேள்வியைப் படிக்கத்தான் விடுவார்கள், எழுதக் கூடாது. அந்த நேரத்தில் பேனாவை மூடி வைத்துக்கொண்டு படித்தேன். முதல் கட்டுரை விஜயநகரம். இரண்டாவது சிப்பாய்க் கலகம். மூன்றாவதாகப் பிரிவினை உட்கார்ந்திருந்தது.

அம்மனை ஒன்றும் சொல்லவில்லை. எழுத ஆரம்பித்தேன்.

சுவரில் கடிகாரம். மனதுக்குள் எவர்சில்வர் தட்டு. விஜயநகரத்தில் கடைத்தெரு நன்றாக வந்துகொண்டிருந்தது. முத்து விற்கிறார்கள், குதிரை விற்கிறார்கள், பூ விற்கிறார்கள். டங். போர் வந்தது, ஊர் இடிந்தது, விருபாட்சர் கோயிலில் விளக்கு எரிகிறது. கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்த பக்கம் திருப்பினேன்.

பாதுஷாவிடம் கொஞ்சம் நேரம் கூடிவிட்டது. போன முறை கப்பலிலேயே விட்டுவிட்டு வந்த மனிதர். இருந்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, தட்டு அடித்ததும் அவர் பெயரால் எல்லோரையும் ஒன்றாக நிற்க வைத்துவிட்டு நகர்ந்தேன்.

எனக்கு முன்னால் ராஜாமணி எழுதி முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்ன தோன்றியதோ, குனிந்து இன்னும் இரண்டு வரி எழுதினார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய முயற்சி.

பிரிவினை எழுதினேன். கோடு போட்டதை எழுதினேன். கோடு எங்கே என்று தெரியாமலே ஜனங்கள் மூட்டை கட்டியதை எழுதினேன். கிணற்றில் குதித்த பெண்களை எழுதினேன். ரயிலை எழுதினேன். கடிகாரத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பேனா நின்றுவிட்டது.

மற்ற முறையெல்லாம் நல்லதைத் தேடி நேரம் பற்றாமல் போயிற்று. இந்த முறை நேரம் இருக்கிறது, நல்லது இல்லை. ரயிலில் போய் நிறுத்திவிட்டு எழுந்திருக்க என்னால் முடியாது. சார் நடந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டது.

எங்கள் ஊர்க் கோடு

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் செக்போஸ்ட். அதைத் தாண்டினால் தமிழ்நாடு. சின்ன வயதிலிருந்து அது எனக்கு ஒரு கோடு என்று தோன்றியதே இல்லை. பஸ் நிற்கும், போலீஸ்காரர் ஏறிப் பார்ப்பார், இறங்குவார், பஸ் போகும். அதைத் தாண்டிப் பெண் எடுப்போம், பெண் கொடுப்போம். என் மகள் பூங்கொடியைப் பொள்ளாச்சிப் பக்கம்தான் கொடுத்திருக்கிறேன்.

கொரோனா வந்த வருஷம் அந்தக் கோட்டை அடைத்தார்கள். ரோட்டுக்குக் குறுக்கே இரும்புத் தடுப்பு. பூங்கொடிக்கு அது தலைப்பிரசவம். நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். பிள்ளை பிறந்தது என்று போனில் சொன்னார்கள். என்னால் போக முடியவில்லை.

பிரசவ லேகியம் கிண்டி எடுத்துக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் செக்போஸ்ட்டுக்குப் போனோம். அந்தப் பக்கம் மாப்பிள்ளை, துணியில் சுற்றிய பிள்ளையோடு நின்றார். நடுவில் தடுப்பு, போலீஸ், முகமூடி. மாப்பிள்ளை பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். எனக்குத் துணிதான் தெரிந்தது.

"யாரு மாதிரி இருக்குது?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"துணி மாதிரி இருக்குது" என்றார். சொல்லிவிட்டு எங்கள் வண்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ரொம்ப நேரம் திரும்பவில்லை.

லேகியச் சம்படத்தை ஒரு போலீஸ்காரர் வாங்கிப் போய்த் தடுப்பின் மேல் வைத்தார். அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

பிறகு திறந்தார்கள். திறந்த அன்றைக்கு நான் போனேன். பிள்ளைக்குத் தலை நின்றிருந்தது.

மூடிய இடம்

சார் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். போன முறை போல இழுக்க வேண்டியிருக்கும் என்று காலை அகட்டி நின்றுகொண்டார்.

நான் எழுதினேன்: "எங்கள் ஊருக்கு அருகிலும் ஒரு எல்லை உண்டு. நோய் வந்த காலத்தில் அதையும் அடைத்தார்கள். ஒரு குழந்தையைத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். சில மாதங்களில் திறந்துவிட்டார்கள். அடைத்த எல்லை ஒன்றைத் திறந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்."

புத்தகத்தில் இல்லாதது. மார்க் கிடைக்காது என்று தெரியும். ஆனால் பொய் இல்லை.

மணி அடித்தது. பேனாவை மூடினேன். தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நீட்டினேன்.

சார் இழுப்பதற்குத் தயாராக இருந்தவர். நான் விட்டுவிட்டதால் ஓரடி பின்னால் போய் அடுத்த பெஞ்சில் இடித்துக்கொண்டார்.

"கழிஞ்ஞோ சேச்சி?" என்றார். நம்பிக்கை வராமல்தான் கேட்டார்.

"கழிஞ்ஞு சார்" என்றேன்.

அவர் என் தாளின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். தமிழ் அவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன நல்லதென்று தேடியிருப்பார்.

ரிசல்ட் வந்த அன்று நான் அங்கன்வாடியில் பயறு வேகவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ராஜாமணியின் ஆட்டோ வந்து நின்றது. போனை நீட்டியபடி இறங்கினார்.

"அக்கா, பாதுஷா பாஸ்!"

"நீங்க?"

"நானுந்தான். விஜயநகரத்துல உங்க வெளக்கையும் ஏத்தி வெச்சனுங்க."

மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தேன். பிரிவினை வரக் கூடாது என்றுதானே நேர்ந்தாய், வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். அம்மன் கணக்கு அம்மனுக்குத் தெரியும், நீங்கள் தேங்காயை உடையுங்கள் என்றேன். உடைத்தார். நன்றாக வட்டமாக உடைந்தது.

இப்போது நான் டீச்சர். உப்புமா கிண்டுவதற்கு ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள். அவளும் முதல் நாள் அடிப்பிடித்தாள். கூட்டத்துக்குப் போகிற நாள் போக மீதி நாளெல்லாம் கதை என்னுடையதுதான்.

சாயங்காலம் தாய்மார்கள் வாசலில் வந்து நின்று வண்டி ஹாரனை அடிப்பார்கள். நேற்றும் அப்படித்தான். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. கதையில் ஆட்டுக்குட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்தது. பதினாறு பேரும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"டீச்சர், கதை முடிஞ்சுதுங்களா? மழை வருது, கூட்டிட்டுப் போறோமுங்க."

"இன்னும் அந்தப் பக்கத்துலதான் நிக்குதுங்க" என்றேன். "சித்த உள்ள வந்து உக்காருங்க. தாண்ட உட்டுட்டு அனுப்பறேன்."

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.